ஓட்டு விசாரிக்கப் போனவன்

தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாகப் போய் "யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டு வருகிற தொழிலுக்குப் படிப்பு அதிகம் வேண்டாம், ஒரே காலையில் பதினொரு கோப்பை கோப்பி தாங்குகிற வயிறு இருந்தால் போதும். இந்தத் தொழிலைப் பார்த்தவர்கள் இதைப் படித்துத் தலையை ஆட்டுவீர்கள். பார்க்காதவர்கள், நாளைக்கு யாராவது உங்கள் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நான் ஜொகூர் பாருவில் இருந்தேன். சிங்கப்பூரில் அச்சாகிற ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நான்தான் ஜொகூர் நிருபர். வயது இருபத்தாறு. ரத்தினவேலு முதலாளியின் ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறையில் குடியிருந்தேன். அந்த வருஷம் எங்கள் ஊர் இந்தியர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டு வடை சாப்பிட்டுப் போவார்கள். ஆனால் முந்தின வருஷம்தான் தோட்டத் தொழிலாளிகளையும், அதில் பெண்களையும்கூட, உறுப்பினராகச் சேர்ப்பதென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆகவே இந்த முறை நிஜமான தேர்தல். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் ரத்தினவேலு முதலாளி. இன்னொரு பக்கம் சர்வே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் சின்னத்தம்பியர். எங்கள் சங்கத்தில் இலங்கைத் தமிழரும் உறுப்பினர்கள். ஜெயிக்கிறவர்தான் இந்தியர்களின் குறையை அரசாங்கத்திடம் கொண்டுபோகிறவர் என்பதால் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஆசிரியர் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துவிட்டார். அமெரிக்காவில் தேர்தலுக்கு முன்பே ஜனங்களுக்கு அட்டை அனுப்பி, யார் முந்துகிறார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்களாம். ஜொகூரில் ஏன் முடியாது என்று எனக்குக் கடிதம் எழுதினார். நான் சரியாகக் கணித்தால் உதவி ஆசிரியர் வேலை. தப்பினால் அச்சகத்தில் பிழை திருத்த உட்கார வேண்டும். கடிதத்தின் கடைசி வரி அது.

கத்தரித்து அனுப்புக

முதலில் அமெரிக்க வழியிலேயே போய்ப் பார்த்தோம். பத்திரிகையில் ஒரு மூலையில் கட்டம் போட்டு, "உங்கள் ஆதரவு யாருக்கு? பெயரை எழுதி, கத்தரித்து அனுப்புக" என்று வெளியிட்டோம். ஒரு வாரத்தில் என் விலாசத்துக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் வந்தது. பத்துக்கு ஒன்பது ரத்தினவேலு முதலாளிக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமான வேலையா இது என்று விசில் அடித்துக்கொண்டே எண்ணினேன். பாதி எண்ணும்போதுதான், 'ரத்தினவேலு' என்பதில் 'வே'யின் கொம்பு எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி வளைந்திருப்பதைக் கவனித்தேன். அந்தக் கொம்பை எனக்குத் தெரியும். கீழே கடையில் துணி மூட்டைகளின் மேல் மையால் விலாசம் எழுதுகிற கணக்கப்பிள்ளையின் கொம்பு அது.

படியிறங்கிப் போய், ஒரு கட்டை அவர் முன்னால் வைத்து, "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டேன். மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டு மூன்று காகிதத்தைப் பார்த்து, தன் எழுத்தழகில் தானே திருப்திப்பட்டவர் போலத் தலையசைத்தார். பிறகு சொன்னார்:

"கையெழுத்து ஒண்ணா இருந்தா என்னங்க தம்பி, எல்லாரோட கருத்தும் ஒண்ணாத்தானே இருக்கு."

மாடிவீட்டுக்காரர்

காகிதம் வேலைக்கு ஆகாது, நேரில் போய்க் கேள் என்று ஆசிரியர் எழுதிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி பிரித்துக்கொண்டேன்: மு, சி, கேள்விக்குறி. வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கடைத்தெருவில் இறங்கினேன். மளிகைக்கடை, பாத்திரக்கடை, பால்காரர், பூக்காரர், தையற்காரர் என்று யாரைக் கேட்டாலும் முதலாளி, முதலாளி, முதலாளி. சிலர் அவருடைய தரும குணத்தைக் கண்ணீரோடு வர்ணித்தார்கள். 'சி' பத்தியில் ஒரு கோடுகூட இல்லை. அன்றைக்கே கணிப்பை எழுதி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

முகச்சவரத்துக்கு உட்கார்ந்தபோது, சவரக்கடைக் கோவிந்தனையும் கேட்டேன். "முதலாளிதாங்க" என்றான். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, "ஆமா, நீங்க எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டான். "முதலாளி கடை மாடியிலே." "இதை ஊர்ல எல்லாருக்கும் தெரியுமுங்களா?" தெரியும் என்றேன். அப்போதுதான் எனக்கே மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. சோப்பு நுரைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்காமல் சொன்னான்:

"உங்க கழுத்து என் கையில இருக்குது, அப்பவும் நான் முதலாளின்னுதான் சொன்னேன், தெருவுல நடமாடுறவங்க வேற என்னாங்க சொல்லுவாங்க?"

கால்சட்டை

சரி, நான் முதலாளியின் ஆளாகத் தெரிகிறேன். தெரியாதபடி போவோம் என்று தீர்மானித்தேன். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, டை, தலையில் வெள்ளைக்காரத் துரைமார் போடுகிற சோலாத் தொப்பி. எல்லாம் நண்பர்களிடம் இரவல். தொப்பி மட்டும் பெரிது. காதுவரை இறங்கிப் பாதி முகத்தை மூடிக்கொண்டது. இந்தக் கோலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போனேன். நாலு வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நாலு வீட்டிலும் சின்னத்தம்பியர். ஐந்தாவது வீட்டிலும் அவரே. நேர்மை என்றால் அவர்தான், இங்கிலீஷ் என்றால் அவர்தான் என்றார்கள். அன்று மாலைக்குள் 'சி' பத்தி நிரம்பி வழிந்தது.

கடைசியில் தண்டவாளம் மாற்றிவிடுகிற ஒரு பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்குப் போனேன். போன வாரம் கடைத்தெருவில் வெற்றிலை வாங்க வந்தபோது இவரிடம் வேட்டியோடு ஏற்கெனவே கேள்வி கேட்டிருக்கிறேன். முதலாளி என்று சொல்லியிருந்தார். தொப்பியின் கீழே என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "சின்னத்தம்பியர்தாங்க, சந்தேகமே இல்லை" என்றார். "வேற யார்கிட்டயாவது வேற மாதிரி சொன்னீங்களா?" என்று இழுத்தேன். அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் வேட்டி கட்டிக்கிட்டு ஒரு தம்பி வந்தாரு, அவருகிட்ட முதலாளின்னு சொல்லி அனுப்பிட்டேன், பாவம், நல்ல பிள்ளை, மனசு நோவ வேண்டாமுன்னு."

மூண்டும் மூண்டு கேள்வி

வேட்பாளரையே பார்த்துவிடலாம் என்று சின்னத்தம்பியர் வீட்டுக்குப் போனேன். அறுபது வயதிருக்கும். வீட்டிலும் கழுத்துப் பொத்தான் போட்ட சட்டைதான். நான் கேட்கிற கேள்வியைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். "தேர்தலில் வெற்றி யாருக்கு?" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "தம்பி, இதில என்ன கேக்கிறீர்? 'யார் வெல்லுவார்' எண்டா, 'யார் வெல்லவேணும்' எண்டா, 'நீர் யாருக்குப் போடுவீர்' எண்டா? மூண்டும் மூண்டு கேள்வி. ஒராள் எனக்குப் போடுவார், ஆனா மற்றவர்தான் வெல்லுவார் எண்டு நினைப்பார். நீர் எந்தப் பத்தியில கோடு போடுவீர்?" என்றார். இரண்டு வாரமாக நான் ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. என் கேள்வியை மூன்று தடவை திருத்தி, கமா வைத்து, நாள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் திருத்தத்தைத்தான் கடைசி வரை வைத்துக்கொண்டேன்.

கோப்பி கொண்டுவந்த அவர் மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மரியாதைக்கு, "அம்மா யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டுவைத்தேன். அந்த அம்மாள் உறுப்பினர் இல்லை. ஆனாலும் நான் இந்தத் தொழிலில் வாங்கிய ஒரே ஒளிவுமறைவற்ற பதில் அவரிடம்தான் கிடைத்தது.

"எனக்கு ஓட்டு இருந்தா அந்த முதலாளிக்குத்தான் போடுவன் தம்பி, இவர் தலைவரா வந்தாரெண்டா கறிக்கு உப்புப் போடவும் தீர்மானம் கொண்டுவா எண்டு நிப்பார்."

இன்னும் முடிவு பண்ணலை

மூன்றாவது பத்தியான கேள்விக்குறியில் வெகுநாள் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: தபாலாபீஸ் சின்னையா. நாலு தடவை போனேன். நாலு தடவையும் ஆழ்ந்து யோசித்து, "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றார். இரண்டு வேட்பாளரின் நிறைகுறைகளையும் அவர் அலசுகிற அழகைப் பார்த்து, ஊரில் ஒரு மனிதராவது மூளையோடு ஓட்டுப் போடப் போகிறார் என்று மகிழ்ந்தேன். ஐந்தாவது தடவை போனபோது அவர் வீட்டு மேசையில் முதலாளி அனுப்பிய மாம்பழக் கூடை ஒரு பக்கம், சின்னத்தம்பியர் அனுப்பிய பனங்கட்டி ஒரு பக்கம். நான் அவற்றைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"ரெண்டு பேரும் தெனம் ஆளனுப்பி நம்ம சொகம் விசாரிக்கிறாங்க, முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா நாளைக்கு யாருங்க விசாரிப்பா?"

தோட்டத்துக் கட்டுப்பாடு

ஊருக்குள் கேட்டதெல்லாம் என் உடுப்புக்குக் கிடைத்த பதில் என்று தெரிந்துபோனதால், தோட்டத்து உறுப்பினர்களைத் தேடிச் செனாய் பக்கம் ரயிலேறினேன். அங்கே ஒரு பெரிய கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், மட்டும் ஏராளமான உறுப்பினர்கள். அவர்கள் போகிற பக்கம்தான் வெற்றி. தோட்டத்து ஆபீஸில் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியைப் பார்த்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று அனுமதி கேட்டேன். "எதுக்கு உங்களுக்குச் சிரமம்? ஒரே நிமிஷத்துல முடிச்சுக் கொடுக்கிறேன்" என்றார். மாலையில் வேலை முடிந்து வந்தவர்களைப் பெரட்டுக் களத்தில், தினமும் ஆள் எண்ணுகிற அதே வரிசையில் நிற்கவைத்தார்.

"முதலாளிக்குப் போடுறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லாக் கையும் மேலே போனது. முதலாளி வீட்டு மாடிச் செய்தி இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று நினைத்தேன். "கிளாக்கரு சின்னத்தம்பியருக்குப் போடுறவங்க" என்றார். மறுபடியும் எல்லாக் கையும் மேலே போனது. முன்வரிசையில் ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். கிராணி மீசையைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி, ஒரு கை கீழ நின்னுச்சா? நம்ம தோட்டத்துக் கட்டுப்பாடு அப்படி."

முனியம்மாள் கேட்டது

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பேப்பர்காரரே, கொஞ்சம் நில்லுங்க" என்றது. முனியம்மாள் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். மரம் சீவுகிறவள், சங்கத்தில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருத்தி. கிராணி கண்ணுக்கு மறைவாக ரோட்டுத் திருப்பத்தில் வந்து நின்றாள். "எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு போயி எட்டு மாசமாச்சு. கொட்டாயில இப்ப உர மூட்டை அடுக்கியிருக்காங்க. எம் பொண்ணு படிச்சதையெல்லாம் மறந்துட்டு இருக்கு. தலைவரு வந்தா தொரைகிட்டயும் அரசாங்கத்துகிட்டயும் பேசுவாருன்னுதான் சங்கத்துல சேந்தோம்" என்றாள். நான் நோட்டைப் பிரித்து, "அப்ப நீங்க யாருக்கு?" என்றேன். என்னுடைய வேலை அதுதானே.

அவள் என் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஓட்டுப்பதிவு ஜொகூர் பாருவில், வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்று அறிவித்திருந்தார்கள். ஜொகூரில் அரசாங்க ஆபீஸுக்கு வெள்ளிதான் விடுமுறை, குமாஸ்தாக்களுக்கு வசதி. தோட்டத்தில் அன்றைக்கு வேலை நாள். பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றி முடிய ஒரு மணி தாண்டிவிடும். மூன்று வாரம் ஊரைச் சுற்றிய எனக்கு இது தோன்றவே இல்லை.

"யாருக்குப் போடுவே யாருக்குப் போடுவேன்னு கேக்குறீங்களே, எப்படி வருவேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஏன் என்று எழுதியது

அன்றே உட்கார்ந்து எழுதினேன். கொட்டை எழுத்தில், "சின்னத்தம்பியர் முந்துகிறார்." காரணம், வெள்ளிக்கிழமை காலையில் வரக்கூடியவர்கள் குமாஸ்தாக்கள்தான். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி: தோட்டத்து உறுப்பினர்கள் மரத்தடியில் நிற்கிற நேரத்தில் சங்கம் பெட்டியைத் திறந்து மூடப் போகிறது, அவர்கள் ஆசைப்பட்டாலும் வர முடியாது. கொட்டை எழுத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பொடி எழுத்தை ஊரே படித்தது. கோப்பிக்கடையில் உரக்கப் படித்தார்கள். தோட்டங்களுக்கும் பத்திரிகை போய், அங்கிருந்து சங்கத்துக்குக் கைநாட்டுப் போட்ட கடிதங்கள் வந்தன. என் வீட்டுக்காரர் மட்டும் படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சங்கத்துச் செயலாளர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், என் அறைக்கே வந்துவிட்டார். செயற்குழு கூடி, ஓட்டுப்பதிவை மாலை ஆறு மணி வரை நீட்டியிருப்பதாகச் சொன்னார். முகம் கடுகடு என்றிருந்தது. உங்கள் கணிப்பால் சங்கத்தின் பேர் கெட்டது என்றார். "நான் ஒரு பக்கமும் சாயவில்லையே, யார் ஜெயிப்பார் என்றுதானே எழுதினேன்?" என்றேன். அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"யார் ஜெயிப்பார் என்று எழுதினதிலே தப்பு இல்லை தம்பி, ஏன் ஜெயிப்பார் என்று எழுதினீரே, அதுதான் தப்பு."

ரொம்ப நேரம் எழுதினார்

நேரம் நீண்டதும் இரண்டு வேட்பாளருக்கும் செனாய் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முதலாளி மோட்டாரில் வந்தார். மாலை போட்டார்கள். அரைமணி நேரம் நன்றாகப் பேசினார். ஜனங்கள் மூன்று இடத்தில் கைதட்டினார்கள். எல்லாருக்கும் மிக்ஸர் பொட்டலம். தேர்தல் அன்று போக வர லாரி என் செலவு என்றார். அதற்கும் கைதட்டினார்கள். போய்விட்டார்.

சின்னத்தம்பியர் அரை மணி கழித்து, பஸ்ஸில் இறங்கி, இரண்டு மைல் சேற்றில் நடந்து வந்தார். சப்பாத்து சேற்றில் ஊறிப்போயிருந்தது. அவருக்கு மேடைப்பேச்சு வரவில்லை. இரண்டு வாக்கியம் பேசி, தொண்டையைச் செருமி, "என்ன குறை எண்டு சொல்லுங்கோ" என்றார். பள்ளிக்கூடம் என்றாள் முனியம்மாள். வாத்தியார் எந்த மாதம் போனார், எத்தனை பிள்ளைகள், கொட்டகையில் எத்தனை மூட்டை, யார் வைக்கச் சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்து, அங்கேயே மனு எழுதினார். இரண்டு பக்கம், இங்கிலீஷில். எழுதி முடித்து உரக்கப் படித்தும் காட்டினார். ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். தான் ஜெயித்தாலும் தோற்றாலும் தேர்தல் முடிந்த திங்கட்கிழமை இது தபாலில் சேரும் என்று சொல்லி, விரல் ரேகை வாங்கிக்கொண்டு, மறுபடியும் சேற்றில் நடந்து போனார்.

"மனு எப்படி இருந்தது?" என்று முனியம்மாளைக் கேட்டேன். அவள் மிக்ஸர் பொட்டலத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒரு வார்த்தையும் வெளங்கல, ஆனா ரொம்ப நேரம் எழுதினாரு."

அதே லாரி

தேர்தல் நாள். சங்கத்துக் கட்டடத்தில் திரை கட்டி, உள்ளே இரண்டு பெட்டி வைத்திருந்தார்கள்: முதலாளிக்கு மஞ்சள், சின்னத்தம்பியருக்குப் பச்சை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிரமமில்லை. திரைக்குள் போய், கையிலுள்ள சீட்டை வேண்டிய பெட்டியில் போட வேண்டியதுதான். காலையில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிசமம் என்று எனக்குப் பட்டது. மூன்று மணிக்கு முதலாளியின் லாரி, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றது. தோட்டத்து ஜனங்கள் இறங்கினார்கள். லாரி மறுபடி போய் இன்னொரு கூட்டத்தை ஏற்றிவந்தது. நான் லாரிக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, சின்னத்தம்பியர் திருத்திக் கொடுத்த அதே கேள்வியை, எழுத்துப் பிசகாமல், இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லாரும் "முதலாளிதாங்க" என்றார்கள். முனியம்மாளும் அப்படியே சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதை நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன்.

நாலு மணிக்கு சிங்கப்பூருக்கு டெலிபோன் போட்டேன். பத்திரிகை அன்று மாலை அச்சேறி மறுநாள் காலை வெளியாக வேண்டும். "முதல்ல எழுதினது தப்புங்க. முதலாளிதான். சந்தேகமே வேண்டாம்" என்றேன். ஆசிரியர் தலைப்பை அச்சுக் கோக்கச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்குப் பெட்டியை மூடி, ஏழு மணிக்குள் எண்ணி முடித்தார்கள். பச்சைப் பெட்டியில் சீட்டு மூடியை முட்டிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பியர் வெற்றி. டெலிபோனுக்கு ஓடினேன், அச்சு முடிந்து கட்டுக் கட்டிவிட்டார்களாம்.

திரும்பி வந்தபோது லாரி புறப்படத் தயாராக நின்றது. முனியம்மாள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ளத்தான் போனேன். "என்னம்மா, அத்தனை பேரும் முதலாளின்னு சொன்னீங்களே" என்றேன். அவள் டிரைவர் பக்கம் ஒரு கண் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"லாரிய விட்டு எறங்கறப்ப வேற என்னா பேரு சொல்றது? திரும்பிப் போறதுக்கும் இதே லாரிதானுங்களே."

அமோக வெற்றி

மறுநாள் காலை பத்திரிகை ஜொகூர் பாருவுக்கு வந்தது. முதல் பக்கத்தில், "ரத்தினவேலு முதலாளி அமோக வெற்றி." கடைத்தெருவில் அந்த வாரம் விற்றதுபோல் என்றைக்கும் விற்றதில்லை. சின்னத்தம்பியரே ஆறு பிரதி வாங்கி, தலைப்பைச் சிவப்புப் பென்சிலால் திருத்தி நண்பர்களுக்கு அனுப்பினாராம். நான் ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் கடல் தாண்டிச் சிங்கப்பூர் போய் ஆசிரியர் முன்னால் நின்றேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. கையால் அச்சகம் இருக்கிற பக்கத்தைக் காட்டினார். பிழை திருத்துகிற நாற்காலி அங்கேதான் இருந்தது. நான் உட்கார்ந்து முதலில் திருத்தியது என்னுடைய செய்தியைத்தான். "முழுவதும் தப்பு என்று ஒப்புக்கொண்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஆசிரியருக்குத் தன் பத்திரிகையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"முழுக்கத் தப்பு என்று எப்படிச் சொல்வது? பெயர் ஒன்றுதான் தப்பு, 'அமோக வெற்றி' சரிதானே."

வீட்டுக்காரர் மாடியேறி வந்தார்

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். படியில் ரத்தினவேலு முதலாளி ஏறி வருகிற சத்தம் கேட்டது. நான் குடியிருந்த மூன்று வருஷத்தில் அவர் மாடிக்கு வந்ததே இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஆள் இளைத்துப்போயிருந்தார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சண்டைக்கு வரவில்லை. "அந்தப் பள்ளிக்கூட விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா நானும் செஞ்சிருப்பேன். யாரும் என்கிட்ட சொல்லலை. எல்லாரும் எனக்குத்தான்னு சொன்னாங்க, அதோட நானும் எதையும் கேக்கலை" என்றார். மனு போன சில மாதங்களில் தோட்டத்துக்கு ஒரு வாத்தியார் வந்தார். கொட்டகையிலிருந்து உர மூட்டைகளை அகற்றிய அன்று, பிள்ளைகளுக்குச் சிலேட்டு அனுப்பியவர் இதே முதலாளி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கட்டி வைத்திருந்த என் பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உண்மையைச் சொல்லு. நீ யாருக்குப் போட்டே?" என்றார். நானும் சங்கத்து உறுப்பினன்தான். வெள்ளிக்கிழமை காலை திரைக்குள் போய், கொஞ்சமும் தயங்காமல் பச்சைப் பெட்டியில் சீட்டைப் போட்டவன். மூன்று வருஷம் அவர் கூரையின் கீழ் தூங்கியவன். காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்தவன். தோற்றுப்போய் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? "உங்களுக்குத்தான் முதலாளி" என்றேன். அவர் மெல்ல எழுந்து, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். முதல் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க தம்பி, எண்ணிப் பாத்தா எனக்கு விழுந்த ஓட்டைப்போல ரெண்டு மடங்கு வருது."

அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஆனால் இத்தனை பேர், இத்தனை அன்பாக, கோப்பியும் கொடுத்து என்னிடம் பொய் சொன்ன வேலை வேறொன்று எனக்கு வாய்க்கவே இல்லை.